அடித்தளத்தில் அத்தானின் பெட்டிகள்

இறந்துபோனவர்களின் வீட்டுக்குப் போய், அவர்கள் சேர்த்து வைத்த புத்தகங்களில் எது நாட்டுக்கு வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துச் சொல்வது அவளுடைய வேலை. தேசிய நூலகத்தின் நன்கொடைப் பிரிவில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டியவள். பார்த்துச் சொன்னது பெரும்பாலும் வேண்டாம் என்பதாகவே அமைந்துவிட்டதால், அலுவலகத்தில் அவளுக்கு ‘வேண்டாம் மேடம்’ என்று பேர் விழுந்திருந்தது. வீட்டில் சின்னவள். மூட்டு வலிக்கு மாத்திரை போட ஆரம்பித்த பிறகும் சின்னவள்தான். பெரியவள் என்று ஓர் அக்கா கீழ்த்தளத்தில் உரத்த குரலோடு இருக்கும்போது அந்தப் பேர் எங்கே மாறப்போகிறது?

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சுகமான வேலையாகத் தெரியும். புத்தகம் பார்க்கிற வேலைதானே என்பார்கள். உண்மையில் அது மாடி ஏறுகிற வேலை. புத்தகம் சேர்க்கிறவர்கள் எல்லாரும் ஏனோ நாலாவது மாடியில்தான் குடியிருந்தார்கள். ஏறிப் போனால் மகனோ மருமகளோ கதவைத் திறந்து, “எங்க அப்பா உயிரா வச்சிருந்தாரு” என்று ஆரம்பிப்பார்கள். அதை முழுக்கக் கேட்டாக வேண்டும். கேட்காமல் அலமாரிப் பக்கம் போனால் மரியாதை கெட்டவள் ஆகிவிடுவாள். கேட்டுவிட்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பிப்பாள். நடுவில் ஒன்று குறைகிற கலைக்களஞ்சியம். காலாவதியான சட்டப் புத்தகங்கள். நூலகத்தில் ஏற்கெனவே மூன்று பிரதி இருக்கிற நாவல்கள். இவற்றுக்கு நடுவே எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் கிடைக்கும். எப்போதோ கலைந்துபோன ஒரு தொழிற்சங்கத்தின் கூட்ட அறிக்கை, பின்பக்கத்தில் ஊரும் வருஷமும் எழுதின ஒரு புகைப்படம். அதை மட்டும் எடுத்துக்கொள்வாள். மற்றது எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கேட்டதும் சிலர் அழுதார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு டாக்டரின் மனைவி, இவளும் வேன் டிரைவரும் வாசலைத் தாண்டுவதற்குள் கதவை அறைந்து சாத்தினாள். காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் இறங்கி வந்தார்கள். காலிப் பெட்டிதான் கனம் என்று டிரைவர் சொல்லுவான்.

அப்படிச் சேர்ந்தவை எல்லாம் போய் அடங்குகிற இடம், நகரத்தின் நடுவில் நாலு மாடிக் கட்டடம். உச்சியில் வரைபடங்களும் பாட்டுப் பதிவுகளும். அதற்குக் கீழே நாட்டில் அச்சான புத்தகங்கள். தரைத்தளத்தில் வாசிப்பறை. அடித்தளத்தில் கட்டுக் கட்டாகத் தைத்த பழைய செய்தித்தாள்களும் அரசிதழ்களும். நாட்டைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்றால் எல்லாரும் அங்கேதான் வந்தார்கள். அவர்கள் கேட்டதில் பாதி கிடைக்கும். மீதிக்கு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

சின்னவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா பல வருஷம் படுக்கையில் கிடந்தாள். பார்த்துக்கொள்ள இவள்தான் இருந்தாள். கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றது, பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டது. அம்மா போன பிறகு அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையும் ஒரு சின்ன அடுப்படியும் அவளுக்குக் கிடைத்தன. சமைப்பது காலையில் மட்டும். ராத்திரிச் சாப்பாடு கீழே, அக்காவோடும் அத்தானோடும்.

அத்தான் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். வேலை பார்த்த காலம் முழுக்க வீடு வீடாக, கேட் கேட்டாக, நாய்க்குப் பயந்தும் பயப்படாமலும் நடந்தவர். ஒரு நகரத்தில் எல்லா வீட்டுக்குள்ளும் போய் வந்த மனுஷன் என்று அவரைச் சொல்லலாம். போகிற வழியில் யாராவது துண்டுக் காகிதம் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். தையல் கடை திறப்பு, டியூஷன் விளம்பரம், வாடகைக்கு வீடு, காணாமல் போன நாய், காணாமல் போன பிள்ளை, நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்கிற அறிவிப்பு, தேர்தலில் நிற்கிறவர்களின் சிரிக்கிற முகங்கள், சர்க்கஸ். ஏன் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், கையில் கொடுத்ததைக் கீழே போட மனசு வரவில்லை என்பார். முதலில் அவ்வளவுதான் விஷயம். போகப்போக, கொடுக்காததையும் எடுக்க ஆரம்பித்தார். மழை பெய்து ஓய்ந்தால் சுவரொட்டி கிழியாமல் உரிந்து வரும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். ஓய்வு பெற்றபோது வீட்டின் பின்னறை முழுவதும் சாக்கும் தகர டப்பாவுமாக நிறைந்திருந்தது.

அக்காவுக்கு அந்த அறையைக் கண்டாலே ஆகாது. வேறு ஊரில் இருக்கிற மகனுக்குக் குழந்தை பிறந்து, அவர்கள் வந்து தங்க இடம் வேண்டும் என்றதும் சண்டை முற்றியது. அதே வாரம் ஒரு சாக்கின் அடியில் கரையான் வேறு கிளம்பியது.

“நாட்டோட சரித்திரத்தையெல்லாம் நீதானே காபந்து பண்றே? இதையும் கொண்டுபோய்ப் பண்ணிக்கோ. இல்லேன்னா நான் பழைய பேப்பர்காரனைக் கூப்பிடுறேன்” என்றாள் அக்கா, தங்கையிடம். அத்தான் தட்டைப் பார்த்தபடி இருந்தார். ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

சின்னவளுக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. சொந்தக்காரர் கொடுப்பதைத் தானே பார்த்துத் தானே எடுத்துக்கொள்வது சரியில்லை. அதைவிடப் பெரிய காரணம், அவளுக்கே அது குப்பையாகத்தான் தெரிந்தது. ஊரெல்லாம் போய் மூஞ்சிக்கு நேரே மறுக்கிறவள், அத்தானிடம் மட்டும் வாயைத் திறக்க முடியாமல், பார்க்கலாம் அத்தான், பார்க்கலாம் அத்தான் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினாள்.

அந்தச் சமயத்தில் நூலகத்தின் தலைவர் ஏதோ ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்த் திரும்பினார். போகும்போது சாதாரணமாகப் போனவர், வரும்போது புது ஆளாக வந்தார். நாட்டின் வரலாறு பெரிய புத்தகங்களில் மட்டும் இல்லை, சாதாரண ஜனங்கள் அன்றாடம் கையில் வாங்கி எறிகிற அச்சில்தான் இருக்கிறது. அதைச் சேர்க்காத நூலகம் நூலகமே இல்லை. இப்படிக் கூட்டம் போட்டுப் பேசினார். அப்படி ஏதாவது சேகரிப்பு யாருக்காவது தெரியுமா என்று கேட்டபோது சின்னவள் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற வேன் டிரைவர்தான், “நம்ம மேடம் வீட்டுலயே ரூம் நிறைய இருக்கே சார்” என்றான். ஒருநாள் மழையில் அவளை வீட்டில் இறக்கிவிட வந்தபோது பார்த்துவிட்டிருந்தான்.

அடுத்த வாரமே வேன் வந்தது. சாக்கிலும் டப்பாவிலும் இருந்ததை அட்டைப்பெட்டிகளுக்கு மாற்றியதில் நாற்பது சொச்சம் பெட்டி. தலைவர் நேரில் வந்து அத்தானின் கையைக் குலுக்க, நூலகத்தின் செய்தி மடலுக்குப் படம் எடுத்தார்கள். அத்தான் அதற்காகச் சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டிருந்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்கிற நிபந்தனையைச் சின்னவள்தான் அவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

“எனக்கு எதுக்குத் திருப்பி? பாக்கணும்னு தோணினா பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போறேன்.”

அவள் கையெழுத்துக் காய்வதற்குள் படிவத்தை மடித்து உறையில் போட்டாள்.

பெட்டிகள் பூச்சி மருந்து அறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அடித்தளத்துக்கு இறங்கின. அவற்றைப் பிரித்து, எண் போட்டு, பதிவு செய்ய இரண்டு ஆட்களைப் போடுவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். ஆட்கள் வருவதற்கு முன்னால் தலைவருக்குப் பதவி உயர்வு வந்து அமைச்சகத்துக்குப் போய்விட்டார். அவரோடு அந்தப் பேச்சும் போயிற்று. புதிதாக வந்த தலைவி கெட்டவள் அல்ல. கணக்கானவள். பதிவு செய்கிற பிரிவில் இருப்பதே ஒருத்தி, அவள் மேஜையில் பத்து வருஷப் பாக்கி கிடக்கிறது, வரிசைப்படிதான் வரும் என்றாள். அதில் தப்புச் சொல்லவும் முடியவில்லை. அரசிதழ் அடுக்குகளுக்குப் பின்னால், அடுக்கு ஒதுக்கப்படாததால் தரையிலேயே, அத்தானின் பெட்டிகள் உட்கார்ந்தன. அடியில் மரப்பலகையாவது போடச் சொல்லிச் சின்னவள் ஒருமுறை எழுதிக் கேட்டாள். பதில் வரவில்லை. மறுபடி கேட்க நினைத்தாள். அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

அத்தான் பஸ் ஏறி வந்தார். வாசிப்பறைக் கவுண்டரில் இருந்த குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினான். அந்தத் தொகுப்பு இன்னும் பதிவாகவில்லை ஐயா, பதிவாகாததை யாருக்கும் காட்டக் கூடாது ஐயா, ஒன்று காணாமல் போனால்கூட எங்களுக்குத் தெரியாதல்லவா ஐயா என்று விளக்கினான். அந்த விதியை எழுதினதே சின்னவள்தான், பல வருஷத்துக்கு முன்னால். அத்தான் அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். வந்ததற்காக வாசிப்பறையில் உட்கார்ந்து அன்றைய செய்தித்தாளைப் புரட்டிவிட்டு, சாயங்காலம் வீடு போய்ச் சேருவார். ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பிப்பார்.

“நான் குடுத்ததை நானே பாக்க முடியாதா?”

“குடுத்தப்புறம் அது உங்களோடது இல்ல அத்தான்.”

“அப்ப யாரோடது?”

“நாட்டோடது.”

“அப்ப நாட்டை வரச் சொல்லு. அதாவது பாக்கட்டும்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவளுக்கு வரவில்லை. அன்று காலையிலிருந்து மூன்று வீடு ஏறி இறங்கியிருந்தாள். மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர் தன் அண்ணனின் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, இதுவும் வேண்டாமா, இதுவும் வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது இவர். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அதோடு அத்தான் அவளோடு பேசுவதை நிறுத்தினார். சண்டை ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதை அக்காவிடம் சொல்லுவார். பக்கத்திலேயே இருக்கிற தங்கையிடம் அக்கா அதைத் திருப்பிச் சொல்லுவாள். விளக்கை அணைக்கச் சொல்லு. அவளுக்குத் தபால் வந்திருக்குன்னு சொல்லு. பின்னறைக்கு வெள்ளையடித்துக் கட்டில் போட்டாயிற்று. மகனும் மருமகளும் குழந்தையோடு வந்து கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போனார்கள். அப்புறம் அந்த அறை சும்மாதான் இருந்தது. மத்தியானத்தில் அத்தான் அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அக்கா சொன்னாள். சாக்கு இருந்தபோதாவது ஏதோ நோண்டிக்கொண்டிருப்பார், இப்போது பார்க்கவே என்னவோ போல் இருக்கிறது என்றாள்.

சின்னவள் தன்னால் ஆனதைச் செய்துபார்த்தாள். சாப்பாட்டு இடைவேளையில் அடித்தளத்துக்கு இறங்கி ஒரு பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு காகிதமாக எழுத ஆரம்பித்தாள். வகை, அளவு, அச்சகம், தேதி இருந்தால் தேதி. பெரும்பாலானவற்றில் தேதி இல்லை. திறப்பு விழா வரும் வெள்ளிக்கிழமை என்று இருக்கும். எந்த வெள்ளிக்கிழமை என்று யாருக்குத் தெரியும்? ஒரு பெட்டி முடியவே மாசக்கணக்கில் ஆயிற்று. கண் எரிந்தது. உண்மையைச் சொன்னால் காகிதத்தைத் தொடுவதே அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. இரண்டாவது பெட்டியைத் திறந்து ஒருநாள் முழுக்க மூடாமலே வைத்திருந்து, பிறகு மூடினாள்.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அவள் கைப்பையை மேஜையில் வைப்பதற்குள், அடித்தளக் காவலாளி படியேறி வந்து நின்றான். விடுமுறையில் குளிரூட்டும் இயந்திரத்தின் குழாய் ஒன்று பிளந்து, இரண்டு நாளாகத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. கீழே கணுக்காலுக்கு மேல் நின்றது. பழைய காகிதங்களைப் பழுதுபார்க்கிற பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் வந்து, எதை முதலில் எடுக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்த வரிசைப்படி செய்தித்தாள் கட்டுகளையும் அரசிதழ்களையும் தூக்க ஆரம்பித்தார்கள். அந்த வரிசையில் அத்தானின் பெட்டிகள் இல்லை. பதிவாகாதது எப்படி இருக்கும்? அட்டைப்பெட்டிகள் அடிப்பக்கம் ஊறி வயிறு பெருத்து நின்றன.

சின்னவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, ஒரு பெட்டியைத் தூக்கினாள். அடி கழன்று பாதிக் காகிதம் தண்ணீரிலேயே விழுந்தது. அப்புறம் பிளாஸ்டிக் கூடை எடுத்துவந்து, கழன்றதை அள்ளியும் மற்றதைப் பெட்டியோடு இறக்கியும் மேட்டில் வைத்தாள். மத்தியானத்துக்குள் எல்லாம் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டன. ஆனால் ஈரக் காகிதத்தை அப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயப்போட வேண்டும். ஆயிரக்கணக்கில் கிடந்தன. தலைவியிடம் போய் ஆள் கேட்டாள். தலைவியின் புடவையும் முழங்கால்வரை நனைந்திருந்தது. எல்லாரும் செய்தித்தாளில் இருக்கிறார்கள், ஒருத்தரையும் எடுக்க முடியாது, வெளியிலிருந்து உதவிக்கு யாரையாவது கூப்பிட்டுக்கொள்வதானால் உன் பொறுப்பில் கூப்பிட்டுக்கொள் என்றாள்.

யாரைக் கூப்பிடுவது? சின்னவள் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, “இதை நீயே சொல்லு அவர்கிட்ட” என்று போனைக் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“அத்தான், உங்க பெட்டியில தண்ணி ஏறிடுச்சு. பாதி போயிடும்போல இருக்கு. தனியா என்னால முடியல.”

“எந்த வாசல் வழியா வரணும்?” என்று கேட்டார்.

இருவரும் வந்தார்கள். அக்கா ஒரு பையில் துணிக் கிளிப்புகள், பழைய துண்டுகள், கயிறு எல்லாம் கொண்டுவந்திருந்தாள். அடித்தளத்தின் உலர்ந்த பக்கத்தில், தூணுக்குத் தூண் கயிறு கட்டினார்கள். விசிறிகளை வாடகைக்கு எடுத்து வந்து சுழலவிட்டார்கள். பிரிக்கிற வேலையில் அக்காவை மிஞ்ச ஆள் இல்லை. பாதுகாப்புப் பிரிவிலிருந்து காகிதம் பிரிக்க எலும்பில் செய்த மழுங்கல் கத்தி ஒன்று கொடுத்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை நுழைத்து, அதன் மேலேயே ஈரக் காகிதத்தை உருட்டி எடுத்தாள். சின்னவள் இரண்டு பிரிப்பதற்குள் அவள் ஐந்து பிரித்தாள். பிரித்ததையெல்லாம் வாய்விட்டுப் படிக்கவும் செய்தாள்.

“‘ஏழே நாளில் சுருட்டை முடி.’ இதை வித்த பொம்பளை என்கிட்டயே வந்திருக்கா, தெரியுமா?... ‘எங்கள் கடைக்கு வேறு கிளைகள் கிடையாது.’ அந்த ஒரு கடையே ஓடலையே, கிளை வேற... ‘காணவில்லை. பச்சைச் சட்டை, இடது காதில் மச்சம்.’” அதைப் படித்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். “இந்தப் பிள்ளை கிடைச்சானா?”

அத்தானுக்குத் தெரியவில்லை. கிடைத்த மாதிரிதான் ஞாபகம் என்றார். அவருடைய ஞாபகத்தை நம்ப முடியாது என்பது அந்த மூன்று நாளில் தெரிந்துவிட்டது. வெள்ளம் வந்த வருஷத்துச் சர்க்கஸ் என்று சத்தியம் பண்ணுவார். கீழே அச்சகத்துக்காரன் போட்ட தேதியைப் பார்த்தால் வெள்ளத்துக்கு ஆறு வருஷம் பின்னால் இருக்கும். அக்கா அதைச் சுட்டிக்காட்டினால் முகம் சுண்டிப்போய் வேறு காகிதத்தை எடுத்துக்கொள்வார்.

“இத்தனை வருஷமா இதைத் தூக்கி எறியுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். இப்ப நானே உக்காந்து ஒண்ணொண்ணா பிரிச்சுட்டு இருக்கேன். என் நேரத்தைப் பாரு” என்று அக்கா தங்கையிடம் சொன்னாள். ஆனால் கையை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் மிஞ்சியிருந்தவை அடி வரிசையில் இருந்து எடுத்த பெட்டிகள். அத்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேர்த்தவை. மட்டமான காகிதம், மட்டமான மை. அவர் ஒரு பெட்டிக்குள் கையை விட்டார். வந்தது காகிதம் இல்லை, கூழ். அதில் நீலமும் சிவப்பும் கலந்திருந்தன. அவர் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சின்னவள் பக்கத்தில் நின்றாள். பலகை கேட்டு ஒருமுறைதான் எழுதினேன் அத்தான், அப்புறம் விட்டுட்டேன் என்றாள். அவள் எதிர்பார்த்தது ஒரு கத்தல். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வீட்டுல இருந்திருந்தா கரையான் தின்னிருக்கும்” என்றார் அத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். “அடுத்த பெட்டியைத் திற.”

மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மீந்தது சுருங்கி, அலையலையாக நெளிந்து, கயிற்றில் காய்ந்தது. இதில் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. தண்ணீர்ச் சேதத்தைப் பற்றி அமைச்சகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை இருந்தது, எத்தனை போயிற்று என்று கேட்டார்கள். பதிவே இல்லாததற்கு என்ன கணக்குக் கொடுப்பது? அதனால் தலைவி வேறு வழியில்லாமல், தப்பித்த காகிதங்களை முதலில் பதிவு செய்யச் சொல்லி உத்தரவு போட்டாள். பத்து வருஷ வரிசையில் கடைசியில் நின்றது, நனைந்ததால் முன்னால் வந்தது. பதிவுப் பிரிவுக்காரிக்கு அத்தனை எரிச்சல். ஆனாலும் செய்தாள், ஏற்கெனவே ஒவ்வொன்றாகப் பிரித்து அளவுப்படி அடுக்கியிருந்ததால் வேலை சீக்கிரம் நகர்ந்தது.

அத்தானுக்குத் தெரு வாரியாக அடுக்க வேண்டும் என்று ஆசை. எந்தத் தெருவில் எது கிடைத்தது என்று தனக்குத் தெரியும் என்றார். வகை வாரியாகத்தான் அடுக்க முடியும், படிக்க வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்றாள் தலைவி. சின்னவள் அவருக்காகப் பேசியிருக்கலாம். வகை வாரியே சரி என்றுதான் அவளுக்கும் பட்டது, வாதாடவும் தெம்பில்லை. அத்தான் இரண்டு நாள் முறைத்துவிட்டு விட்டுவிட்டார். தொகுப்புக்கு ‘மீட்டர் கணக்கெடுப்பாளர் தொகுப்பு’ என்று பேர் வைத்தார்கள். நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் படிக்க வருகிறவர்களுக்காக நூலகம் போடுகிற கையேட்டின் அடுத்த பதிப்பில், வரைபடங்களுக்கும் பாட்டுப் பதிவுகளுக்கும் பிறகு, அதற்கும் நாலு வரி இடம் கிடைத்தது.

முதல் முதலாக அதைக் கேட்டு வந்தவள் ஒரு நர்ஸ். வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்புப் படிக்கிறவள். பிரசவத்துக்கு ஜனங்கள் வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிய காலத்தைப் பற்றி எழுதுகிறாளாம். சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் அடித்த நோட்டீஸ் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவள் வரப்போகிற நாளைச் சின்னவள் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அத்தான் காலையிலேயே வந்து அடுத்த மேஜையில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை.

நர்ஸ் ராத்திரி வேலை முடித்து நேராக வந்திருந்தாள் போலிருக்கிறது. கண் உள்ளே போயிருந்தது. உறைகளை வாங்கி, நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றைக் கொஞ்ச நேரம் வைத்துப் படித்தாள். இரண்டைப் படம் எடுத்துக்கொண்டாள். எழுந்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். நடுவில் அத்தான் நாற்காலியை விட்டு எழப்போனார். படிக்கிறவர்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று சின்னவள் கண்ணாலேயே காட்ட, உட்கார்ந்துவிட்டார். தன் பக்கத்தில் இருந்தவர் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அத்தான் அவள் வைத்துவிட்டுப் போன உறைகளைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா கொண்டுவந்து கொடுத்தான். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் சாயங்காலம்வரை செய்தித்தாள் படித்தார். அலுவலகம் முடிந்து இருவரும் ஒன்றாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

“அவ்வளவுதானா?” என்றார் அத்தான்.

“அவ்வளவுதான் அத்தான்.”

“பத்து நிமிஷம்கூடப் பாக்கலையே அந்தப் பொண்ணு.”

“மேல் மாடியில அடுக்கு அடுக்கா புத்தகம் இருக்கு. வந்ததுலேருந்து ஒருத்தர்கூட கேட்டதில்ல. எழுதினவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. உங்களுதை ஒருத்தி தேடி வந்து கேட்டுட்டுப் போயிருக்கா.”

அவர் அதை யோசித்துக்கொண்டே நின்றார். சமாதானம் ஆனாரா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நேரம் பஸ் வரவில்லை. வந்தபோது கூட்டமாக வந்தது. உள்ளே ஒருத்தர் எழுந்து இறங்க, ஒரே ஓர் இடம் காலியாயிற்று. அத்தான் அவளுடைய பையை வாங்கிக்கொண்டு, உட்காரு என்று தலையை ஆட்டினார். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரை நிற்க வைத்துவிட்டு உட்காருவது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நிறுத்தம் போவதற்குள் அவள் தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் அவர்தான் தோளைத் தட்டி எழுப்பினார்.